காலியாக விட்ட கட்டம்

போன வாரம் பெரியவளைச் சமையலறையில் நிறுத்திவிட்டு வந்தோம். அவள் கையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. கொண்டுவந்து கொடுத்தவன் அவளுடைய கடைசித் தம்பி. முப்பத்தைந்து வயதாகியும் வீட்டில் இன்னும் கடைக்குட்டிதான். "உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காதேக்கா. பார்த்தா உனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் பார்க்கவில்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

உறைக்குள் இருப்பது பொய் அனுபவச் சான்றிதழ் என்று அவளுக்குத் தெரியாமலா போகும்? நாற்பத்து மூன்று வயதில் மூன்று மாத நர்சிங் அசிஸ்டெண்ட் பயிற்சியை முடித்துவிட்டு ஐந்து இடம் ஏறி இறங்கியாயிற்று. ஐந்து இடத்திலும் ஒரே பாட்டு. "அனுபவம் இருக்கா?" "இல்லைங்க." "அனுபவத்தோட வாங்க." நீங்கள் வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று கேட்க நாக்கு நுனி வரை வரும். கேட்டதில்லை. அவளோடு படித்த இருபது வயதுப் பெண்களுக்காவது "போகப் போகக் கத்துக்குவா" என்று ஒரு சலுகை கிடைத்தது. இவளைப் பார்த்ததும், இத்தனை வருஷமாக என்னதான் செய்துகொண்டிருந்தாய் என்பது போல ஒரு பார்வை பார்த்தார்கள்.

இன்று ஆறாவது இடம். நாற்பது படுக்கைகள் கொண்ட ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம்.

அவள் கணவர் பஸ் டிரைவர். கண் பரிசோதனையில் ஏதோ குறை வந்து, இனி வண்டி ஓட்ட வேண்டாம், பணிமனையில் இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சம்பளமும் கூடவே இறங்கிவிட்டது. நீ வேலைக்குப் போ என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் சொல்லாததாலேயே அவள் கிளம்பினாள்.

காலையில் அவளுடைய வெளிர்நீலச் சீருடைக்கு அவர்தான் இஸ்திரி போட்டார். இருபது வருஷம் தன் சட்டைக்குத் தானே போட்டுக்கொண்ட கை. மடிப்பு சும்மா கத்தி மாதிரி நிற்கும்.

"அனுபவம் கேட்டா அக்காவைப் பார்த்துக்கிட்டதைச் சொல்லேன்" என்றார் தலை நிமிராமல்.

"அந்தப் பேச்சு வேண்டாம்னு சொல்லியிருக்கேன்."

"பொய்யா சொல்லப்போறே? நடந்ததுதானே?"

"நடந்ததுதான். அதை ஒரு தடவை சொல்லியும் பார்த்தாச்சு. சொன்னதுக்கு என்ன ஆச்சுன்னும் பார்த்தாச்சு. போதும்."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அதில்லை. அக்காவுக்கு..."

"என்னங்க, எனக்கு நேரமாகுது."

அவர் மிச்சத்தைக் காபியோடு விழுங்கிவிட்டார். இந்த மனிதருக்கு எதையும் இரண்டாவது முறை சொல்லிப் பழக்கமில்லை.

அந்த அக்காவைப் பற்றி, முந்தைய வாரங்களைப் படிக்காமல் விட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. டிரைவரின் அக்கா, அதாவது பெரியவளின் நாத்தனார், கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற மறுமாதமே பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பெரியவள்தான் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், புரட்டிப் படுக்க வைத்தாள், கடைசியில் கோலூன்றி நடக்கவும் வைத்தாள். நடக்க ஆரம்பித்த டீச்சருக்குப் பழைய வாயும் திரும்பிவிட்டது.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள், பழைய மாணவிகள் நாலு பேர் பார்க்க வந்திருந்தபோது, மேசையில் தட்டு வைத்த விதம் சரியில்லை என்று, "இவளுக்கு எதுவுமே ஒழுங்கா வராது" என்றார் டீச்சர். எந்த வேகத்தில் வந்ததோ, பெரியவள் வாயிலிருந்து வந்தேவிட்டது. "நாலு வருஷம் உங்களுக்கு அள்ளிக் கொட்டினேனே, அப்ப ஒழுங்கா வந்துச்சா?"

செய்ததைச் சொல்லிக் காட்டிவிட்டாள். அதுவும் நாலு பேர் முன்னால்.

மூன்றாம் நாள் டீச்சர் ஒரு பெட்டியோடும் கோலோடும் கிளம்பி, தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றோடு பெரியவள் தனக்குத் தானே ஒரு வாய்ப்பூட்டு போட்டுக்கொண்டாள். அந்த நாலு வருஷத்தைப் பற்றி இனி யாரிடமும், எதற்காகவும் மூச்சு விடுவதில்லை என்று.

கடைக்குட்டி ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினான். வரவேற்பு மேசையில் இரண்டு பக்க விண்ணப்பம் கொடுத்தார்கள். வயது, படிப்பு, முகவரி எல்லாம் மளமளவென்று நிரப்பிக்கொண்டு வந்தவள் "முன் அனுபவம்" என்ற கட்டத்தில் நின்றாள். பேனாவை இரண்டு தரம் மூடித் திறந்தாள். பிறகு அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

தம்பி எட்டிப் பார்த்தான். "என்னக்கா இது? அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க. உறை எங்கே?"

"பையில இருக்கு. பையிலேயே இருக்கட்டும்."

"அப்ப எதுக்குத் தூக்கிட்டு வந்தே?"

நியாயமான கேள்விதான். வீட்டில் வைத்துவிட்டு வரவும் துணிவில்லை, எடுத்து நீட்டவும் துணிவில்லை. பையையும் விண்ணப்பத்தையும் அவனிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ஒரு சாதனைக் களை.

"குடுத்துட்டேன்."

"எதை? உறையையுமா?"

"சேர்த்துத்தான். நீ பேசாம இரு, அக்கா. பேப்பர் பேசும்."

அவனை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் கூப்பிட்டுவிட்டது.

தலைமை நர்ஸ் குள்ளமான பெண்மணி. கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, மார்பில் குத்திய கடிகாரம். இருபது படி ஏறியும் மூச்சு வாங்காமல் முன்னால் நடந்தார்.

"சிஸ்டர், அந்த உறை..." என்று ஆரம்பித்தாள் பெரியவள்.

"பேப்பரெல்லாம் அப்புறம். நான் முதல்ல கையைத்தான் பார்ப்பேன். அரை மணி நேரம். பார்ப்பேன், பேச மாட்டேன். எதுவும் கேட்கணும்னா படுக்கையில இருக்கிறவங்களைக் கேளுங்க."

பெண்கள் பிரிவில் எட்டுப் படுக்கைகள். ஏழில் ஆள் இருந்தார்கள். ஜன்னலோரம் எட்டாவது மட்டும் காலி. புது விரிப்பு விறைப்பாகப் போட்டிருந்தது. அதற்கு அடுத்த படுக்கையில் ஒரு முதிய பெண்மணி. முன்பு தையல் கடை வைத்திருந்தவராம். இடது பக்கம் வராது. அவருக்குச் சட்டை மாற்றி, சூப் ஊட்ட வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

பெரியவள் கை கழுவினாள். திரையை இழுத்து மூடினாள்.

"அம்மா, இப்ப உங்க சட்டையை மாத்தப்போறேன். நல்ல கையை முதல்ல கழட்டிக்கலாமா?"

"கழட்டு. இதைப் போட்டதுலேர்ந்து எனக்கு எரிச்சல்தான்" என்றார் தையல்காரம்மா. "அக்குள்ல துணியே பத்தலை. எவன் வெட்டினானோ."

"புதுசு எப்படி இருக்குன்னு பாருங்க."

"அதையும் அவனேதான் வெட்டியிருக்கான்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு பதட்டமும் போய்விட்டது. புதுச் சட்டையின் இடது கைக்குள் தன் கையை எதிர்ப்புறமாக விட்டு, தையல்காரம்மாவின் வராத கையை மெல்லப் பிடித்து, தோள் இழுபடாமல் முதலில் அதைக் கோத்தாள். பிறகு முதுகுப் பக்கம் துணியைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டாள். நல்ல கையைத் தையல்காரம்மா தானே நுழைத்துக்கொண்டார்.

அடுத்தது சூப். படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். நின்றபடி ஊட்டாமல் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாள். கிண்ணத்தில் ஸ்பூனை விட்டு எடுத்தாள்.

எடுத்த ஸ்பூனைத் தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்தாள்.

பின்னால் பென்சில் காகிதத்தில் கீறும் சத்தம் கேட்டது.

பெரியவளுக்குக் காது சுட்டது. இன்னொருவர் ஸ்பூனில் வாய் வைக்கக் கூடாது என்று பயிற்சியில் முதல் வாரமே படித்த பாடம். நாலு வருஷப் பழக்கம் மூன்று மாதப் பாடத்தை முந்திக்கொண்டுவிட்டது. அந்த ஸ்பூனை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு ஸ்பூன் எடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை இறங்குவதைப் பார்த்துவிட்டே அடுத்ததை எடுத்தாள். கிண்ணம் காலியாக இருபது நிமிடம் ஆயிற்று. போச்சு, ஆறாவது இடமும் போச்சு என்று மனசுக்குள் ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது.

தலைமை நர்ஸின் அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஃபோன். மேசைமேல் பழுப்பு உறை பிரிந்து கிடந்தது.

"இதைப் பத்தி என்னமோ சொல்ல வந்தீங்களே."

"அதைப் பிரிக்காதீங்கன்னு சொல்ல வந்தேன் சிஸ்டர். பிரிச்சிட்டீங்க. அதுல இருக்கிறது உண்மை இல்லை."

"என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"தெரியாது. பொய்ங்கறது மட்டும் தெரியும்."

தலைமை நர்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "இவர் எங்களிடம் இரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். படுக்கையில் உள்ள நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல், படுக்கைப்புண் பராமரிப்பு, குழாய் வழி உணவு ஆகியவற்றில் தேர்ந்தவர்." நிறுத்தினார். காகிதத்தின் தலைப்பைப் பெரியவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு கடைவாய்ப் பல் படம் போட்டிருந்தது.

பல் ஆஸ்பத்திரி!

இல்லத்தின் விளம்பரத்தில் இருந்த வேலைப் பட்டியல் அதில் வரி பிசகாமல் இருப்பதைத் தலைமை நர்ஸே கண்டுபிடித்துச் சொன்னார். கடைக்குட்டி அதைக் காப்பியடித்து, தனக்குத் தெரிந்த ஒரே டாக்டரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறான். "பல்லு பிடுங்க வந்தவங்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டீங்களா நீங்க?"

பெரியவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "மன்னிச்சிடுங்க சிஸ்டர். நான் கிளம்பறேன்."

"உட்காருங்க. நான் இன்னும் முடிக்கலை." காகிதத்தை மடித்து உறையில் போட்டார். "சட்டை மாட்டும்போது வராத கையை முதல்ல கோத்தீங்க. பயிற்சியில சொல்லித்தர்றதுதான். ஆனா முதல் தடவை வர்றவங்க பத்துப் பேர்ல ஒன்பது பேர் பதட்டத்துல நல்ல கையைத்தான் பிடிப்பாங்க. உங்க கை யோசிக்கவே இல்லை. யாரைப் பார்த்துக்கிட்டீங்க? எத்தனை நாள்?"

பெரியவள் மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வரி சொன்னால் போதும். வேலை கிடைத்துவிடும். ஆனால் அந்த ஒரு வரியை அவள் ஏற்கெனவே ஒருமுறை சொல்லி, ஒரு மனுஷியை வீட்டைவிட்டு அனுப்பியிருக்கிறாள். இப்போது வேலைக்காகச் சொன்னாலும் அது சொல்லிக் காட்டுவதுதானே? அப்படித்தான் அவளுக்குப் பட்டது. வேறு யாருக்கும் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். அவளுக்குத் தெரியவில்லை.

"நான் சொல்ல மாட்டேன் சிஸ்டர்."

"ஏன்?"

"ஒரு தடவை சொல்லி அவங்க மனசை நோகடிச்சிட்டேன். இனிமே என் வாயால சொல்றதில்லைன்னு வெச்சிருக்கேன்." மேசைமேல் இருந்த ஃபோனைக் காட்டினாள். "நம்பர் தரேன். நீங்களே கேளுங்க. அவங்களா எதுவும் சொன்னா சொல்லட்டும். சொல்லலைன்னா நான் எழுந்து போயிடறேன்."

எட்டு மாதமாக அவள் அந்த எண்ணை அழைத்ததில்லை. ஆனால் பார்க்காமலே சொன்னாள்.

தலைமை நர்ஸ் எண்ணை அழுத்திவிட்டு ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார். வாயைத் திறக்காதே என்று விரலால் சைகை காட்டினார். வெகுநேரம் மணி அடித்தது.

"யாரு?" டீச்சரின் குரல் கொஞ்சம் தழைந்திருந்தது. ஆனால் அந்த அதட்டல் அப்படியே இருந்தது.

தலைமை நர்ஸ் விவரம் சொன்னார். உங்கள் தம்பி மனைவி வேலைக்கு வந்திருக்கிறார், அனுபவம் பற்றிக் கேட்டால் உங்கள் எண்ணைத் தந்தார் என்றார்.

"நம்பரை மட்டும்தான் தந்தாளா? வேறே ஒண்ணும் சொல்லலையா?"

"ஒரு வார்த்தை சொல்லலை."

பெரியவள் சீருடையின் மடிப்பை விரலால் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிக்குங்க" என்றார் டீச்சர். "நாலு வருஷம், அஞ்சு மாசம். என் உடம்புல ஒரு படுக்கைப்புண் வந்தது கிடையாது. முதல் ஆறு மாசம் எனக்கு நினைவு இருக்கான்னு டாக்டருக்கே சந்தேகம். அப்பவும் அவ, 'அண்ணி, புரட்டப்போறேன்'னு சொல்லாம என்னைத் தொட்டது கிடையாது. எனக்கு எல்லாம் கேட்டுச்சு. திருப்பிச் சொல்லத்தான் முடியலை."

தலைமை நர்ஸ் நிஜமாகவே எழுதிக்கொண்டிருந்தார். "குறை ஏதாவது?"

"இல்லாமலா? சூடு பார்க்கிறேன்னு என் ஸ்பூன்ல வாயை வைப்பா. நூறு தடவை சொல்லியிருக்கேன். திருந்தவே இல்லை."

தலைமை நர்ஸின் பென்சில் நின்றது. பெரியவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. பல் ஆஸ்பத்திரிக் காகிதம் தராத சாட்சியை அந்த ஸ்பூன் தந்துவிட்டது.

"வேறே?"

"ஒரு நாள் வார்த்தையை விட்டா." டீச்சரின் குரல் இறங்கியது. "நாலு வருஷம் அஞ்சு மாசத்துல ஒரே ஒரு நாள். நான் கணக்கு டீச்சர். அந்த ஒரு நாளைக் கழிச்சாலும் மிச்சம் எவ்வளவுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் கழிக்கவே இல்லை. அந்த ஒரு நாளை மட்டும் கையில பிடிச்சுக்கிட்டுக் கிளம்பி வந்துட்டேன்."

பெரியவள் முந்தானைக்குக் கையைக் கொண்டுபோனாள். சீருடையில் முந்தானை இல்லை. புறங்கையாலேயே துடைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிய சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டுவிட்டது.

"குரல் எதிரொலிக்குது" என்றார் டீச்சர் சட்டென்று. "ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா? அணைங்க. உங்ககிட்ட தனியா ஒண்ணு கேட்கணும்."

தலைமை நர்ஸ் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். இனி பெரியவளுக்குக் கேட்டதெல்லாம் ஒரு பக்கம் மட்டும்தான்.

"சொல்லுங்க... எப்பேர்ந்து?... மூணு வாரமாவா?... பழைய பக்கமேதானா?... டாக்டர் என்ன சொன்னார்?... கூட யாரும் இல்லையா?... இருக்கு. பெண்கள் பிரிவுல ஒண்ணு காலியா இருக்கு... சரி. நான் சொல்லலை. ஆனா நீங்க யோசிச்சுக்குங்க, இங்கே வந்தா எப்படியும் தெரிஞ்சுடும்."

ஃபோனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பெரியவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"சிஸ்டர், அண்ணிக்கு என்ன?"

"அவங்க என்கிட்ட பேசினது அவங்களுக்கும் எனக்கும். இங்கே வேலை பார்க்கிறவங்க முதல்ல பழகிக்க வேண்டியது அதுதான்." குரலில் கடுமை இல்லை. விண்ணப்பத்தை எடுத்து, காலியாக இருந்த கட்டத்தில் ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார். நாலு வருஷம் அஞ்சு மாசம் என்று எழுதியிருந்தது. "மூணு மாசம் தற்காலிகம். அப்புறம் நிரந்தரம். இனிமே ஸ்பூன்ல வாய் வெச்சீங்கன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"வைக்க மாட்டேன் சிஸ்டர்."

"நாளைக்குக் காலையில ஆறே முக்காலுக்கு வந்துடுங்க. உங்க முதல் வேலை, எட்டாவது படுக்கையைத் தயார் பண்றது." சொல்லிவிட்டு உறையைக் குப்பைக் கூடையில் போட்டார். "அழைப்பு மணிக் கயிறு இப்ப வலது பக்கம் இருக்கு. அதை இடது பக்கம் மாத்திக் கட்டிடுங்க. வலது கை வராதவங்களுக்கு எட்டணும் இல்லையா?"

பெரியவள் தலையாட்டினாள்.

வாசலில் கடைக்குட்டி ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு நகம் கடித்தபடி நின்றிருந்தான்.

"என்னக்கா, கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"பார்த்தியா! பேப்பர் பேசும்னு சொன்னேன்ல?"

"பேசுச்சு. நல்லாவே பேசுச்சு. வீட்டுக்கு வா, மிச்சத்தை நான் பேசறேன்."

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் ஏங்கிய வேலை. ஆனால் அந்த மணிக்கயிறு நெஞ்சுக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டு இழுத்தது. கோலூன்றி நடந்துபோன அண்ணிக்கு மறுபடியும் வலது கை வரவில்லை. மூன்று வாரமாகத் தனியாகக் கிடந்து, கடைசியில் முன்பின் தெரியாத ஒரு இல்லத்தில்தான் படுக்கை கேட்கத் தோன்றியிருக்கிறது. இந்த வீட்டில் கேட்கத் தோன்றவில்லை.

தம்பியிடமிருந்து பையை வாங்கி, ஃபோனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள். பணிமனை இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"என்ன ஆச்சு? வேலை..."

"கிடைச்சிருச்சு. நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க."

அவர் யாரிடமோ, "என் வீட்டுக்காரிக்கு வேலை கிடைச்சிருச்சுப்பா!" என்று சத்தமாகச் சொல்வது கேட்டது. முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"என்னங்க. காலையில 'அக்காவுக்கு'ன்னு ஏதோ ஆரம்பிச்சீங்க. நான்தான் கேட்காம கிளம்பிட்டேன். இப்ப சொல்லுங்க, முழுசா கேட்கறேன்."

மறுமுனையில் ஒரு பஸ் உறுமி அடங்கியது. அவர் குரல் சின்னதாக இருந்தது.

"அங்கே உட்கார இடம் இருக்கா? முதல்ல உட்கார்ந்துக்க."

பெரியவள் இல்லத்தின் வாசல்படியிலேயே உட்கார்ந்தாள்.